புல்வெட்டி கிளம்பிவிட்டது

என் வீட்டு நீதிபதிக்கு,

சோறு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. என் மேல் உள்ள கோபத்தில் பட்டினி கிடக்காதே.

இன்றைக்குள் புல்வெட்டி கிளம்பாவிட்டால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடலாம் என்று பந்தயம் கட்டினோமே, நான் ஜெயித்துவிட்டேன்! கயிற்றை இழுத்து இழுத்து என் வலது கை ஒரு முழம் நீண்டுவிட்டது. பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றினேன், கார்புரேட்டரைக் கழுவினேன். ம்ஹூம், இருமக்கூட இல்லை. கடைசியில் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து, இதே மேஜையில் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அப்போது கொட்டகைக்குள் அது தானாகக் கிளம்பியது.

பிளக் என் கையில் இருந்தது.

“எதையும் ஊதிப் பெரிசாக்காம உங்களுக்குப் பேசவே வராதா?” என்று நேற்று கேட்டாய். சரி, கை நீண்டது பொய். இது சத்தியம். மெக்கானிக்கைச் சாட்சிக்குக் கூட்டிவரப் போகிறேன். இரும்புக்காரர் வந்தால் திருப்பி அனுப்பிவிடு. கொட்டகையைப் பூட்டிவிட்டேன், ஜன்னல் வழியாகக்கூட எட்டிப் பார்க்காதே.

மறந்துவிட்டேனே: சீட்டு பறக்காமலிருக்க மேலே வைத்திருப்பது அந்த பிளக்தான். துணியால் பிடித்து எடு, விரல் பத்திரம். கழற்றும்போது சில்லென்றிருந்தது. அங்கே அது ஓட ஓட, இங்கே இதில் சூடேறிக்கொண்டே இருக்கிறது.