அம்மாவின் கொலுசில் கருத்த கோடுகள்

பேசாமல் இருந்தது போதும், அண்ணே. ஒன்பது வருடம். நீங்கள் போய்ச் சேர்ந்தே ஓராண்டு ஆகிறது. இனி நான் என்ன கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லை. இருந்தபோது மட்டும் என்ன பதில் சொன்னீர்கள்?

சித்திரையில் வீட்டுப் படியில் கால் பிசகியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மெடிக்கலில் எலாஸ்டிக் பேண்டேஜ் வாங்கினேன். உறையைப் பிரித்ததும் ரப்பர் வாசம். துணியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பஞ்சு நூலுக்கு நடுவே நீளவாக்கில் ரப்பர் இழைகள். கட்டுப் போடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா என் வீட்டில்தான் இறந்தாள். அவளுடைய வெள்ளிக் கொலுசு, ஆசாரி கண்ணி கண்ணியாகக் கையால் கோத்தது, உங்கள் மகள் செல்விக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். கல்யாணம் வரை உன் பீரோவிலேயே இருக்கட்டும் என்றீர்கள். இராஜபாளையத்தில் நீங்கள் சூப்பர்வைசராக இருந்த பேண்டேஜ் கம்பெனியிலிருந்து ஒரு எலாஸ்டிக் சுருள் கொண்டுவந்து, நீங்களே இறுக்கிச் சுற்றினீர்கள்.

"காத்துப் படாம வச்சா வெள்ளி கருக்காதுல்ல. ஏலே வாத்தி, ஒங் கெமிஸ்ட்ரி இதுக்கு மேல என்னத்தச் சொல்லப்போவுது?"

நானும் சிரித்தேன். வெள்ளியைக் கருக்க வைப்பது கந்தகம். ரப்பரை உறுதியாக்கக் கந்தகம் சேர்ப்பார்கள். இரண்டையும் வருடா வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். தனித்தனிப் பாடமாக எழுதினேன். அந்தக் கோபம் என்மேல். அதை நான் வைத்துக்கொள்கிறேன். மற்றது உங்களுக்கு.

கல்யாண மண்டபத்தில், தட்டில் வைத்துப் பிரித்தீர்கள். கொலுசின் மேல் வரிவரியாகக் கருப்புக் கோடு. மாப்பிள்ளையின் அம்மா ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"வரி போட்ட வெள்ளிய இப்பத்தான் பாக்கேன். தகரத்துக்கு முலாம் பூசிருக்கோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆசாரிகிட்ட உரசிப் பாத்துருவோம்ணே, செத்த நேரம்தான்" என்றேன். நீங்கள் என் தோளில் கை போட்டீர்கள்.

"உரசுனா நாறப்போறது நம்ம குடும்பம்லே. ஒனக்கு என்ன கஷ்டமோ, மாத்திட்ட. நான் மன்னிச்சுட்டேன். போ, போய்ச் சாப்பிடு."

திருடன் என்று சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். மன்னித்துவிட்டீர்கள். செய்யாத தவறுக்குக் கிடைத்த மன்னிப்பை எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது? ஊர் உங்களைப் பெரிய மனுசன் என்றது. உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோதும், என்னைக் கண்டதும் மதினி பீரோ சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். ஒரு ஆசாரி, ஒரு உரைகல், ஐந்து நிமிடம். அதன் பிறகு நீங்கள் இருந்த எட்டு வருடத்தில் அந்த ஐந்து நிமிடம் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

கால் சரியானதும், அதே ஆசாரி செய்த என் வெள்ளிப் பட்டை மோதிரத்தை அந்தப் பேண்டேஜில் சுற்றி டப்பாவில் போட்டு வைத்தேன். நேற்று எடுத்தேன். அதே கோடுகள்.

இதை உங்கள் பெயருக்கு, உங்கள் வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். உங்களுக்கு வரும் தபாலை இப்போது செல்விதான் வந்து பிரிப்பதாகக் கேள்வி. அவளுக்கு இரண்டு வரி: செல்விம்மா, கொலுசு இன்னும் அந்தச் சுருளில்தான் இருந்தால் முதலில் வெளியே எடு. புளி போட்டுத் தேய்க்காதே, கைவேலை தேய்ந்துவிடும். கருப்பை ஆசாரி எடுத்துக் கொடுப்பார். போட்டுக் கழற்றினால் வியர்வை போகக் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்து, துவைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பையில், ஈரம் உறிஞ்ச ஒரு சாக்பீஸ் துண்டோடு வை. ரப்பர் பேண்டு கூடப் போடாதே. கருத்தது மேல்தோல்தான். உள்ளே இருப்பது உன் ஆச்சியின் வெள்ளி.

மோதிரத்தை நான் துடைக்கவில்லை. கோடுகளோடு விரலில் கிடக்கிறது.

கடிதத்தின் அடியில் என் பெயரை எழுதினேன், பிறகு அந்தத் துண்டைக் கிழித்துவிட்டேன். பெயர் போடாமல்தான் தபாலில் சேர்க்கப்போகிறேன். எழுதியது யார் என்று படித்ததும் தெரிந்துவிடும்; இருந்தாலும், ஊகத்தில் முடிவு கட்டாமல், உங்கள் வீட்டில் இந்த ஒரு தடவையாவது விசாரிக்கட்டும்.