பத்து பாகாட்டில் இரண்டு மிஸஸ் கந்தப்பு

1934 மார்ச் 5

காலையிலிருந்து மழை. துணி துவைக்க வரும் அங்கம்மா வாளியைக்கூட இறக்கி வைக்காமல் செய்தி சொன்னாள். கவர்மெண்ட் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த கிராணி ஐயா மெர்சிங்கிலிருந்து மாற்றலாகிப் பத்து பாகாட்டுக்கே திரும்பி வருகிறாராம், புது மனைவியோடு. குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிக்கிறார்களாம்.

"வரட்டும்" என்றேன்.

அவள் நகரவில்லை. "இனிமே ஒங்கள எப்படிம்மா கூப்பிடறது? அவங்களும் கிராணியம்மாதானே?"

கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எப்போதும் போலவே கூப்பிடு என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 6

கோபம் இன்னும் இறங்கவில்லை. சோறு குழைந்துபோயிற்று.

மார்ச் 9

யாழ்ப்பாணக் கோர்ட்டில் எங்கள் விவாகரத்துத் தீர்ப்பாகிப் பல மாதம் ஆயிற்று. மெர்சிங் போன கந்தப்பு என்னைக் கூப்பிட்டுக்கொள்ளவே இல்லை. வருஷக்கணக்கில் பார்த்துவிட்டு ஊரில் அண்ணர்தான் வழக்குப் போட்டு முடித்தார். அந்த மனிதருக்காக அழ வேண்டியதையெல்லாம் நான் அழுது தீர்த்துவிட்டேன்.

பெயர் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. பெண்கள் பாடசாலையில் தையல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தபோதும் மிஸஸ் கந்தப்புவாகத்தான் சேர்ந்தேன்.

மார்ச் 17

பாடசாலைக் கமிட்டிக் காரியதரிசி கனகசுந்தரம் வந்திருந்தார். நல்ல மனிதர். தேத்தண்ணி ஆறும்வரை மழையைப் பற்றியே பேசினார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகிறது. கந்தப்பு வந்து இறங்கியதுமே அவரைக் கண்டு, தன் பெயரை இனி எனக்குப் போட வேண்டாம் என்று மரியாதையாகவே கேட்டிருக்கிறார்.

வேறு என்ன போடுவது? 'மிஸ்' போடலாமா என்று அவரே மெதுவாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையில் நரை விழுந்த பிறகு மிஸ்ஸா? நான் சமைத்ததும், அவருக்கு மலேரியா வந்தபோது பக்கத்திலேயே கிடந்ததும் எந்தக் கணக்கில் போய்ச் சேரும்?

அவர் சிரிக்கவில்லை. "கமிட்டியில சிலர் முறுகுகினம், பிள்ளை. என்னெண்டு கூப்பிடுறதெண்டே தெரியாத ஒருத்தி பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறதோ எண்டு கேக்கினம்."

மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்பார்கள். அதை அவர் சொல்லவில்லை. குடையை எடுத்த விதத்தில் தெரிந்தது.

மார்ச் 18

தூக்கமில்லை. வந்து இறங்கிய நாளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1919. ஊரில் கலியாணம் முடிந்து, சிங்கப்பூரிலிருந்து மலாயாவுக்குச் சின்னக் கப்பல். விடியும்போது ஆற்றுக்குள் நுழைந்தது. தண்ணீர் தேத்தண்ணி நிறம், கரையெல்லாம் சேறு. நான் கூறைச் சேலையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, முதலை வருமோ என்று ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். கரையில் ஆஸ்பத்திரி டிரஸ்ஸரின் மனைவி சத்தியபாமா கைவிசிறி ஆட்டி, "மிஸஸ் கந்தப்பு! மிஸஸ் கந்தப்பு!" என்று கூப்பிடுகிறார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் பேசாமல் நிற்கிறேன். பக்கத்தில் நின்ற என் புருஷன் என் முழங்கையை மெல்லத் தொட்டார். "உம்மைத்தான் கூப்பிடினம்."

அந்தக் குரலில் எவ்வளவு பெருமை! அதைப் பொய்யென்று எப்படிச் சொல்வேன்? அன்றைக்கு அது உண்மைதான்.

அதன் பிறகு பழைய பேப்பர் ஓரமெல்லாம் இங்கிலீஷில் அந்தப் பெயரை எழுதி எழுதிப் பழகினேன். சாப்பாட்டுக் காரியரில் வெட்டுவித்தேன். கிளப்பில் பெண்கள் டென்னிஸ் பார்க்கக் கூடும்போது, நாற்காலியை இழுத்துப் போட்டு "இருங்கோ, மிஸஸ் கந்தப்பு" என்பார்கள். அப்படி உட்காரும்போது, கலியாணத்துக்கு முன் நானாக ஊரில் இருந்த செல்லப்பாக்கியம் எங்கோ தூரத்தில் இருக்கிற ஒரு சின்னப் பெண்ணாகத் தெரிவாள்.

இப்போது அவர் நினைவு வருவதில்லை. அந்த நாற்காலி நினைவு வருகிறது. வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

மார்ச் 24

சந்தையில் அந்தப் புது மனைவியைப் பார்த்தேன். பெயர் ஞானேஸ்வரியாம். மீன்காரன் மலாயில் விலை சொல்ல, ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டு நின்றாள். சேலையைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தாள். வெறுக்க வேண்டும் என்றுதான் பார்த்தேன். வரவில்லை.

மார்ச் 29

கனகசுந்தரத்தின் வீட்டுக்கு நானே போனேன். 'ஸ்ரீமதி செல்லப்பாக்கியம்' என்று போடுங்கள் என்றேன். ஸ்ரீமதி என்றால் பின்னால் புருஷன் பெயர் வரவேண்டுமே என்று தயங்கினார்.

பதிலை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

"அவற்ர பேர் அவரோட இருக்கட்டும். ஸ்ரீமதி எண்டது நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி எடுத்தது. அதை நான் குடுக்கமாட்டன்."

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். கமிட்டியில் சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னார்.

ஏப்ரல் 6

நேற்றுக் கமிட்டி கூடியதாம். ஒரு தகவலும் இல்லை. விட்டுக்கொடுத்து 'மிஸ்' என்றே இருந்திருக்கலாமோ? இல்லை. இல்லவே இல்லை.

ஏப்ரல் 11

நிகழ்ச்சி நிரல் வந்தது. தையல் — ஸ்ரீமதி செல்லப்பாக்கியம்.

கமிட்டியில் இதைக் கேட்டு இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்களாம், மற்றவர்கள் இருந்தார்களாம். சந்தோஷம்தான். ஆனால் பார்க்கப் பார்க்க யாரோ ஒருத்தியின் பெயர் போலிருந்தது. காரியரை எடுத்து, பழைய பெயர் வெட்டிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்தேன். பிறகு அழுதேன்.

மே 20

அங்கம்மா இன்று "டீச்சரம்மா" என்றாள்.

ஜூலை 16

ஆடிப்பிறப்பு. சத்தியபாமா வீட்டில் கூழ். அவர் கூப்பிட்டதே எனக்கு ஆச்சரியம். போகாமல் இருந்தால் பயந்துவிட்டேன் என்பார்கள் என்று போனேன். முன்பெல்லாம் அந்த அடுப்படியில் கொழுக்கட்டை பிடிப்பது நான்தான்.

விறாந்தையில் பெண்களெல்லாம் பாயில் இருந்தோம். ஞானேஸ்வரியும் வந்திருந்தாள். எனக்குப் பக்கத்து இடம்தான் காலியாக இருந்தது. பாவம், அங்கேயே வந்து இருந்தாள். தலையைத் திருப்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து சத்தியபாமா குரல் கொடுத்தார். "மிஸஸ் கந்தப்பு, ஒருக்கா இஞ்ச வாங்கோ."

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் கால் பழக்கத்தில் எழும்பப் பார்த்தது. அவளோ இன்னும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் முழங்கையை மெல்லத் தொட்டேன்.

"பிள்ளை, உம்மைத்தான் கூப்பிடினம்."

திடுக்கிட்டுத் திரும்பினாள். பிறகு சிரித்து, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் இரண்டாம் தரமும் கூழ் வாங்கிக் குடித்தேன். பனங்கட்டி இனிப்புக் கொஞ்சம் கூடுதல்.