சாப்பாட்டு ஜெபத்தில் கேட்ட சத்தம்

அரியமங்கலம், 12-8-1958

அன்புள்ள ஞானப்பூவுக்கு, பட்டறைச் சக்கரவர்த்தியான உன் புருஷன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உன் மூட்டுவலி எப்படி?

பயப்படாதே. நேற்று ஒரு பஸ்ஸுக்குச் சக்கரம் மாட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு ஜெபித்தேன். “நட்டை முறுக்கினாயா?” என்று உள்ளே ஒரு சத்தம். “ஆண்டவரே, சாம்பார் ஆறுகிறது” என்றேன். சத்தம் விடவில்லை. பஸ்ஸோ ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டிருந்தது. புயலே மூச்சுவாங்கும்படி சைக்கிள் மிதித்து, மலைக்கோட்டையில் ஆள் ஏற்றிக் கிளம்பிய பஸ்ஸுக்குக் குறுக்கே விழுந்தேன்.

“யோவ், சாக வேற வண்டி கிடைக்கலையா?” என்றார் டிரைவர்.

நட்டு என் விரலுக்கே சுழன்றது. அடுத்தது காவேரிப் பாலம். உள்ளே நாற்பது பேர். இறுக முறுக்கிய பிறகே வண்டியை விட்டேன்.

வேலைக்காக நான் ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று உன்னைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேள் என்று அதே சத்தம் ஏழு மாதமாகச் சொல்கிறது. சாம்பாரைக் காட்டியே தட்டிக்கழித்தேன். மன்னித்துவிடு, ஞானம். எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. கூடவே இரண்டு வரி எழுது.

பட்டறைச் சங்கு ஊதிவிட்டது. நட்டுகளை இன்னொரு முறை பார்க்கப் போகிறேன்.

உன்
அடைக்கலம்