கார்பெட்டுக்குக் கீழே இன்னொரு குழாய்

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம்தான், உனக்கும் அப்படியே இருக்கட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் என்னோடு பேசி நாலு நாளாகிறது, சாப்பாட்டுத் தட்டை மட்டும் ணங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். எல்லாம் உன் அண்ணன் விஷயம்தான். அவன் போன் பண்ணினால் வேறு மாதிரி சொல்வான், அதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேட்டுக்கொள்.

பெரிய கம்பெனி ஒன்றில் வீடியோ மீட்டிங் அறைக்குக் கேபிள் போடும் வேலையை அண்ணன் எடுத்தான், நான் அவனுக்குக் கீழே. நடு மேஜையிலிருந்து ஸ்கிரீன் மாட்டும் சுவர் வரைக்கும் தரைக்குள் குழாய் பதித்தவன் நான். குறுக்கே ஒரு கான்கிரீட் திட்டு வந்தது, அதைச் சுற்றி ஜன்னல் பக்கமாக வளைத்துக் கொண்டுபோனேன். பூசி மூடிய பிறகு பார்த்தால் அண்ணன் தன் வரைபடத்தில் குழாய்க்கு நேர்கோடு போட்டு வைத்திருக்கிறான். கோடு தப்புப்பா, குழாய் வளைஞ்சு போகுது என்றேன். தச்சர், பெயின்ட்காரர், கம்பெனி மேனேஜர் அத்தனை பேர் முன்னாலும், பெருசு, உனக்குப் படத்தை நேராப் பிடிக்கவே தெரியாது, நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டில் அப்பா, வேலையில் பெருசு. மறுநாள் தச்சர் அந்தப் படத்தைப் பார்த்து, மேஜைக் காலைத் தரையோடு இறுக்க டிரில்லை வைத்தார், சரியாக என் வளைவின் மேல். நான் இரண்டு கை தூரத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

கேபிளை முன்பே ஒரு தடவை சோதித்தாயிற்று என்று அண்ணன் மறுபடி பார்க்கவில்லை. திறப்பு நாளன்று பெரியவர்கள் எல்லாம் உட்கார்ந்தார்கள். சுவரில் இருந்த கேமரா வேலை செய்தது, மேஜை மைக் செத்துக் கிடந்தது. அண்ணன் மேஜைக்கு அடியில் புகுந்து அவர்கள் பூட்ஸுக்கு நடுவே முக்கால் மணி நேரம் தவழ்ந்தான். ஸ்கிரீனில் வெளியூர் ஆட்கள், ஐயா, எங்களுக்கு அவருடைய பின்பக்கம்தான் தெரியுது, அதுக்கும் மைக் கொடுங்க என்று சிரித்தார்கள். நான் வாசலிலேயே நின்று பார்த்தேன்.

தரையை உடைக்காமல், மேலே கேபிள் தெரியாமல் சனிக்கிழமைக்குள் சரி பண்ணு, இல்லையென்றால் இனி இந்தக் கேட்டுக்குள் கால் வைக்காதே என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அண்ணன் வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அப்பா, வேற வழி ஏதாவது வெச்சீங்களா, சொல்லுங்கப்பா என்றான். வயசாயிடுச்சு, ஞாபகம் இல்லை, படத்தைப் பாரு என்றேன். மூன்று நாள் கேட்டான். மூன்று நாளும் அதையேதான் சொன்னேன். நீ முதன்முதலில் பள்ளிக்கூடம் போன அன்றைக்கு எந்தச் சட்டை போட்டிருந்தாய், அதில் எத்தனை பொத்தான் இல்லை என்று கேள், சொல்கிறேன்.

நேற்று சனிக்கிழமை முடிந்துவிட்டது. இப்போது குறித்துக்கொள். ஸ்கிரீன் சுவரின் ஜன்னல் மூலையிலிருந்து சுவரோரமாக என் காலடிக்கு ஒன்பது அடி, அங்கே கார்பெட்டைத் தூக்கினால் ஒரு தகர மூடி இருக்கும். அதற்குள் இன்னொரு குழாய், ஆத்திர அவசரத்துக்கு என்று அப்போதே நான் பதித்தது, காலியாக, கேபிளை இழுக்கிற கயிறோடு. மேஜை வரைக்கும் போகிறது. அரை நாள் வேலை. நீயும் இதே தொழில்தான், லீவு போட்டுவிட்டு வந்து மேனேஜரைப் பார், தரையை உடைக்காமல் முடிக்கிறேன் என்று சொல். கயிறு இழுக்க ஆள் வேண்டுமென்றால் உன் அண்ணன் சும்மாதான் இருக்கிறான், கூட்டிக்கொள். வேலையிடத்தில் அவனை அண்ணா என்று கூப்பிடாதே.

அண்ணி இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். நேத்தே சொல்லியிருக்கலாமே மாமா என்று கேட்டாள். சொல்லியிருக்கலாம் என்றேன். அதையும் எழுது என்றேன், எழுதுகிறாள்.

வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. வரும் நாளை முன்கூட்டியே தெரிவி. நீ நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது பெருவிரல் ரேகை)