ஆறாம் பிளாக்கில் எல்லோரும் ‘இல்லை’ என்றார்கள்

விளாங்குடி,
10.6.84, ஞாயிறு.

அன்புள்ள மச்சானுக்கு ஜெயக்கொடி எழுதுவது.

நானும் பாப்பாவும் சுகம். பாப்பா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கத்திரி பூவெடுத்திருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். உங்களை உள்ளே வைத்த மடைத் தகராறு கேஸில் எதிர்த்தரப்பு சமாதானத்துக்கு வரமாட்டோம் என்கிறார்கள். ஜாமீன் மனுவைத் திரும்பவும் போடுவதாக வக்கீல் சொன்னார்.

இதைத் தபாலில் போடவில்லை. ஜெயில் ஆபீசில் பிரித்துப் படிப்பார்கள். நாளை வாய்தாவுக்கு உங்களைக் கோர்ட்டுக்குக் கூட்டி வரும்போது குமாஸ்தா சோணை அண்ணன் கொடுப்பார். அங்கேயே படித்துக் கிழித்துவிடுங்கள்.

ஆறாம் பிளாக்கில் உங்களோடு இருந்த ஜலால் பாய் விடுதலையாகி வீட்டுக்கு வந்தார். உங்களைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார். நான் விடாமல் கேட்டேன்.

“தங்கச்சி, உன் வீட்டுக்காரரு சோத்தையே தொடமாட்டேங்குறாரு. பொழுது சாஞ்சா செவத்தோட ஒட்டி உக்காந்துக்கிறாரு. அந்த மேஸ்திரி இருக்குற மட்டும் அங்க ஒருத்தனும் தூங்க முடியாதும்மா” என்றார்.

மேஸ்திரியும் ஆயுள் கைதிதானாம். ஆனால் பிளாக்கை அவன் பொறுப்பில் விட்டிருப்பதால் அவன் வைத்ததுதான் சட்டமாம். அதற்கு மேல் பாய் சொன்னதை நான் எழுதவில்லை. போன வாய்தாவில் பாப்பாவை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்களே, என் மேல் கோபம் என்று நினைத்து பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். இப்போது எனக்குப் புரிகிறது, மச்சான்.

சர்க்காருக்கு எழுதிக் கொடுப்பதற்காகக் காலேஜ் டீச்சர் ஒருவர் ஜெயிலுக்கு வந்து, பெயர் எழுதாமல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தாராமே. சாப்பாடு, வைத்தியம், அடி உதை, அதோடு யாராவது கட்டாயப்படுத்தி உடம்பைக் கெடுத்தார்களா என்றும். ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு வந்ததாகப் பாயிடம் சொன்னீர்களாம். பாயும் அப்படித்தான் சொன்னாராம்.

காலேஜில் விசாரித்து, பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, திருநகரில் அந்த டீச்சர் வீட்டுக்குப் போனேன். சாதிகா என்று பெயர். ஆறாம் பிளாக்கில் ஒருவர்கூட ஆமாம் சொல்லவில்லை, அங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் சர்க்காருக்கு எழுத வேண்டியிருக்கும் என்றார். நீங்கள் விசாரித்தபோது வாசலில் நின்று ஆட்களை உள்ளே அனுப்பினானாமே, அவன் யார் தெரியுமா என்று கேட்டேன். உதவிக்கு விட்ட ஆள் என்றார். அவன்தான் மேஸ்திரி என்றதும் அவருக்கு முகம் செத்துப்போயிற்று.

என் வீட்டுக்காரருக்குப் பதிலாக நான் ஆமாம் என்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அது செல்லாதாம், உள்ளே இருப்பவர்தான் சொல்ல வேண்டுமாம். புகார் கொடுக்கலாமென்றால் பெயர் வேண்டும். பெயர் கொடுத்தால் அன்று ராத்திரியும் அதே பிளாக்கில்தான் படுக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது. நாலு பேராவது ஆமாம் என்றால், ராத்திரியில் மேஸ்திரிகளைப் பிளாக்குக்குள் விடக்கூடாது என்று மேலே எழுதிக் கேட்பேன் என்றார். நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

எங்கே போய் வருகிறாய் என்று உங்கள் அண்ணன் கேட்டார். வக்கீல் வீட்டுக்கு என்று பொய் சொன்னேன். பாயும் வெளியே சொல்லமாட்டார்.

வியாழக்கிழமை டீச்சர் திரும்ப வருகிறார். இந்தத் தடவை ஜெயில் ஆஸ்பத்திரி அறையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்பார். அந்தப் பக்கம் மேஸ்திரியை விடக்கூடாது என்று சூப்பிரண்டிடம் பேசிவிட்டாராம். வாய் திறக்க முடியாவிட்டால் தலையசைத்தால் போதுமாம்.

அதுவும் முடியாவிட்டால் வேண்டாம், மச்சான். உங்களைக் குறை சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் என்ன ஏது என்று ஒருநாளும் கேட்கமாட்டேன். சோற்றை மட்டும் ஒதுக்காதீர்கள். நீங்கள் உயிரோடு வந்து சேர வேண்டும். கருப்பசாமி உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

என்றும் உங்கள்,
ஜெயக்கொடி