கத்தரிக்காய்க்கு நீலப் புடவை

8-7-68, திங்கள்
வெயில். காற்றில் ஒரே புழுதி. டைப் கிளாஸ் போகவில்லை, ரிப்பன் அறுந்துவிட்டதாம்.

கார்டு வந்துவிட்டது! டீச்சர் டிரெயினிங், கடலூர். 15ஆம் தேதி நேரில் வர வேண்டும். அப்பா சூளை வேலை முடிந்து வந்து, கை கழுவாமலே வாங்கிப் படித்தார். "பாக்கலாம்" என்று காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டார். எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

9-7, செவ்வாய்
நாளை நல்லூர் தாண்டி, சித்தி ஊர்ச் சந்தைக்குப் போகிறோமாம். காய் பசுமையாக இருக்குமாம். அதற்கு எதற்கு என் நீல வாயில் புடவைக்கு இஸ்திரி? கத்தரிக்காய் வாங்க யார் கனகாம்பரம் வைத்துக்கொள்வார்கள்? கேட்டேன். அம்மா இஸ்திரிப் பெட்டிக்குக் கரி அள்ளப் போய்விட்டாள்.

அரிசிப் பானைக்கு அடியில் சித்தியின் கடிதம். படித்துவிட்டேன். பெண்ணாடத்தில் மண்டி வைத்திருப்பவர்கள். சந்தையில் சும்மா பார்ப்பது போலப் பார்த்துக்கொள்வார்கள். பிடித்தால் ஆடி பிறப்பதற்குள் வந்து பூ வைப்பார்கள், ஆவணியில் கல்யாணம். பிடிக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

பிடிக்காவிட்டால் எனக்குக் கடலூர். பிடிக்காமல் பண்ணுகிறேன்.

10-7, புதன்
காலை பஸ். நிற்க இடமில்லை. சந்தையில் மல்லாட்டை, வரகு, களாக்காய், கடைசிப் பலாப்பழம். ஈ.

புளியமரத்தடியில் குடையோடு ஒரு பருத்த அம்மாள். பக்கத்தில் வாட்ச் கட்டிய ஒருவர், மாட்டுக் கயிற்றை ரொம்ப நேரம் விலை கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள்தான். சித்தி அந்தப் பக்கமே திரும்பாததிலிருந்து தெரிந்தது.

ஆரம்பித்தேன். மல்லாட்டைக் கடலையைக் கொறித்துத் தோலை வழியெல்லாம் துப்பினேன். வாயைப் பிளந்து சிரித்தேன். கத்தரிக்காய்க்காரரிடம் ஒவ்வொரு காயாகப் புரட்டிப் பூச்சி ஓட்டை காட்டினேன். அப்புறம் தராசைத் தூக்கிப் பார்த்தால், தட்டுக்கு அடியில் நிஜமாகவே புளி உருண்டை ஒட்டியிருந்தது. விடுவேனா! கையில் எடுத்துக்கொண்டு சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அம்மா தொடையில் கிள்ளிய இடம் இன்னும் எரிகிறது.

குடைக்கார அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு கிளம்பிப் போனார். பிடிக்கவில்லை. நிச்சயம்.

11-7, வியாழன்
தூறல். அம்மா என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் என்ன.

ஹாஸ்டலுக்கு: தட்டு, டம்ளர், பக்கெட், போர்வை 1, பேனா (நிப் மாற்ற வேண்டும்), பூட்டு.

வெகுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன்.

12-7, வெள்ளி
முதல் பஸ்ஸிலேயே சித்தி. வாசலிலேயே சிரிப்பு. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த அம்மாள் சொன்னதைச் சித்தி அப்படியே சொல்லிக் காட்டினாள். "பத்து வருஷமா அந்த ஆளுகிட்டதான் காய் வாங்குறோம். தட்டுக்கு அடியில கைய வுட்டுப் பாக்கணும்னு எங்க வூட்ல ஒருத்தருக்கும் தோணல. இந்தப் பொண்ணுதாங்க எங்க மண்டியில ஒக்காரணும்."

பையன்? தன் அம்மா சொன்னால் சரி என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். நான் மாட்டேன் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். சித்தி, "பாத்தியா, இந்த வாய்க்குத்தான் அவங்க மயங்கிட்டாங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாகூட.

பிறகு அப்பா எழுந்துபோய்க் காலண்டருக்குப் பின்னாலிருந்து கார்டை எடுத்தார். என்னிடம்தான் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் அவர்மேல் அவ்வளவு ஆசை வந்தது.

பென்சில் கேட்டார். கார்டின் பின்பக்கம் எழுதினார்: வெற்றிலை 2 கவுளி. பாக்கு. வாழைப்பழம் 2 சீப்பு. கத்தரிக்காய் 3 கிலோ.

எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். காயை நானே போய் வாங்கிவர வேண்டுமாம். நான்தான் நன்றாகப் பார்த்து வாங்குவேனாம்.