கறுப்பு வண்டியின் இடது பக்கம்

ஜன. 31, சனி

காலையில கடும் பனி. பானெட் மேல தண்ணி உருண்டு நிக்கணும். நிக்கலை, சப்பையா பரவிக் கெடக்கு. அதாவது வண்டி மேல மெழுகு துளி கூட இல்லை.

எட்டாம் தேதி ஞாயிறு அக்காவுக்கு வளைகாப்பு. சிதம்பரத்துல, மாமா வீட்டுல, அதாவது அக்கா வீட்டுக்காரர் வீட்டுல. முடிஞ்ச கையோட அக்காவைப் பிரசவத்துக்குக் கடலூர் கூட்டியாறணும். அப்பா போட்ட கண்டிஷன் ரெண்டு. நம்ம வண்டியிலதான் வரணும். அவர்தான் ஓட்டுவாரு. கவர்மென்ட் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு, பாதி சர்வீஸ் இதே ரோட்டுல. வாடகை வண்டின்னு அம்மா வாயெடுத்ததுக்கே சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வெச்சிட்டாரு.

என் தலையில விழுந்த வேலை: வண்டியைப் பளபளன்னு ஆக்குறது. அப்பா சொன்னது: "சிப்காட்ல பெயின்ட் லேப்ல இருக்குறேன்ற பேருதான். சொந்த வண்டி சாம்பல் பூத்துக் கெடக்கு. சம்பந்தி என்னா நெனப்பாரு?"

ரிட்டயர் ஆன காசுல செகண்ட் ஹேண்டுல எடுக்கும்போதே சொன்னேன், கறுப்பு வேணாம்னு. உப்புக் காத்து, வெயில், தூசி, எல்லாம் காட்டிக் குடுக்கும். கேக்கல. மரியாதையான கலராம்.

அடுத்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட். மதியத்துக்கு மேல ஃப்ரீ. போதும்.

பிப். 1, ஞாயிறு

லாரன்ஸ் ரோடு போனோம். அப்பா ஓட்ட, அம்மா முன் சீட்டுல, நான் பின்னாடி. அம்மா வாய் ஓயலை. "சைக்கிள் வருது. பஸ் ஒதுங்குது. பூக்காரம்மா நிக்கிறா. ஆட்டோ, ஆட்டோ." சாதாரண ரோட்டுக்கு இவ்ளோ கமென்ட்ரி எதுக்கு? ஹெட்போன் மாட்டிகிட்டேன். அப்பா அம்மா மேல எரிஞ்சி விழுவாருன்னு பார்த்தேன். விழல.

அவங்க பூ வாங்கப் போனாங்க. நான் சதீஷ் கடை. பள்ளிக்கூடத்துல கூடப் படிச்சவன், இப்போ கார் சாமான் விக்கிறான். முதல்ல ஒரு ஸ்ப்ரே பாட்டிலை நீட்டினான். செராமிக்காம், ரெண்டே நிமிஷத்துல ஷோரூம் பளபளப்பாம். பின்னாடி இருந்த பொடி எழுத்தைப் படிச்சேன். பாதிக்கு மேல தண்ணி. சொன்னேன்.

"மச்சான், நீ வாங்க வந்தியா, டெஸ்ட் பண்ண வந்தியா?"

பாலிஷும் மெழுகும் ஒண்ணுன்னு அவனே கஸ்டமருக்குச் சொல்லிகிட்டு இருக்கான். பாலிஷ் தேய்ச்சி எடுக்குறது, பெயின்ட்டை ஒரு மயிரிழை குறைக்கும். மெழுகு மேல உக்கார்றது, கீறலை எடுக்காது. இதை வெச்சிகிட்டு யாவாரம் வேற.

வாங்கினது:
கிளே கட்டி (களிமண் உருண்டை மாதிரி, பெயின்ட்டுல ஒட்டின துகளை இழுக்கும்)
காம்பவுண்ட், சின்னது (கீறலைத் தேய்ச்சி எடுக்குற பசை)
ஃபைன் பாலிஷ்
சீலன்ட்
பேஸ்ட் மெழுகு, டப்பா
மைக்ரோஃபைபர் துணி, ஒரு கட்டு

சீலன்ட்டா மெழுகான்னு கொஞ்ச நேரம் ஓடிச்சி. சீலன்ட்டும் மெழுகு மாதிரி மேல் பூச்சுதான், ஆனா கெமிக்கல். மெழுகு பிரேசில் பனை ஒண்ணோட ஓலையிலேர்ந்து எடுக்குறது, கறுப்புல போட்டா ஆழம் குடுக்கும். ஆனா கடலூர் வெயிலுக்கு மாசம் தாங்காது. சீலன்ட் தாங்கும், கண்ணாடி மாதிரி செத்த பளபளப்பு. முடிவு: சீலன்ட் கீழ, மெழுகு மேல. சதீஷ் சிரிக்கிறான். "வளைகாப்புக்குப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?"

போன மாசம் அப்பா வந்து கறுப்பு டச்-அப் பேனா, கீறல்ல பெயின்ட் வெக்கிறது, கேட்டாராம். ஸ்டாக் இல்லைன்னு அனுப்பிட்டானாம். எதுக்குன்னு தெரியலை.

பிப். 3, செவ்வாய்

நேத்து ஓவர்டைம். ஒண்ணும் நடக்கலை.

இன்னிக்கு ஷீட்டுக் கொட்டகை நிழல்ல கழுவல். பாத்திரம் தேய்க்கிற லிக்விட் போட்டுத்தான். பழைய எண்ணெய், மெழுகு எதுவா இருந்தாலும் போகணும், இல்லைன்னா புதுசு பிடிக்காது. சோப்புக்கு ஒரு பக்கெட், துணி அலச ஒரு பக்கெட். அப்பா வந்து பார்த்தாரு. "இவ்ளோ நுரை எதுக்கு? பழைய வேட்டியில தண்ணியைத் தொட்டுத் துடைச்சா போவுது." அந்த வேட்டிதான் பானெட்ல சிலந்தி வலை மாதிரி கோடு போட்டதுன்னு சொன்னேன். போயிட்டாரு.

வலது பக்கம் முடிஞ்சிது. இடது முன் கதவு துடைக்கிறேன், வெள்ளைத் துணி கறுப்பாயிடுச்சி.

கலருக்கு மேல நிறமில்லாத கிளியர் கோட் இருக்குற வண்டியில துணிக்குக் கறுப்பு வராது. வந்தா கோட்டே போச்சின்னு அர்த்தம். வலது பக்கம் அதே துணி, அதே சோப்பு. வரலை.

துணியை மோந்து பார்த்தேன். ஷூ பாலிஷ்.

நல்லா தேய்ச்சிக் கழுவிட்டு மொபைல் டார்ச் அடிச்சேன். ஒவ்வொண்ணா வெளிய வருது. பம்பர் மூலையில மஞ்சள் பெயின்ட், ரோட்டு ஓரக் கட்டையோடது. முன் கதவுல பச்சை, நம்ம வீட்டு கேட்டு. பின் கதவுல ரெண்டு நீள கோடு, துரு ஒட்டியிருக்கு. கண்ணாடிக் கூட்டுல உரசல். பின் சக்கரத்து மேல ஒரு நசுங்கல். எல்லாத்துக்குள்ளயும் கறுப்பு ஷூ பாலிஷைத் தடவி, துடைச்சி, மறைச்சி வெச்சிருக்கு.

வலது பக்கம் ஒரு கீறல் இல்லை.

நின்ன வண்டியை எவனோ உரசினதும் இல்லை. எல்லாக் கோடும் முன்னாடி ஆழமா ஆரம்பிச்சி பின்னாடி போகப் போகத் தேயுது. வண்டி ஓடும்போது பட்டது. லேப்ல ரிசல்ட் இப்படி ஒரே பக்கமா சாய்ஞ்சா சாம்பிளைச் சந்தேகப்பட மாட்டோம். மெஷினைப் பார்ப்போம்.

பிப். 4, புதன்

வெயில். கிளே பாதி முடிஞ்சிது. இடது பக்கம் கட்டி ஒரே அழுக்கு.

அப்பாவைக் கூப்பிட்டேன். வண்டி முன்னாடி நிறுத்தி, நம்பர் பிளேட்டையே பாருங்கன்னேன். அவருக்கு இடது பக்கம் கொஞ்சம் பின்ன தள்ளி நின்னு மஞ்சள் துணியை ஆட்டினேன். "என்ன தெரியுது?"

"நம்பர் பிளேட்டு."

இன்னும் முன்னாடி வந்து ஆட்டினேன். அதுக்கும் நம்பர் பிளேட்டுதான். வலது பக்கம் போனதும் உடனே, "எதுக்குடா துணியை ஆட்டுற?"

கீறலை எல்லாம் டார்ச் அடிச்சிக் காட்டினேன். பார்க்கிங்ல எவனோ, மாடு, பசங்க விளையாட்டு, இப்படிப் போச்சி. ஷூ பாலிஷும் மாடு தடவிச்சான்னு கேட்டேன். கேட்டிருக்க வேணாம். கேட்டுட்டேன்.

அப்புறம்தான் சொன்னாரு. இடது கண்ணு ஓரம் தெரியறதில்லையாம். பாண்டிச்சேரியில காட்டினாராம். கண்ணுக்குள்ள பிரஷராம், போனது போனதுதான், இருக்குறதைக் காப்பாத்தணும்னு சொட்டு மருந்து. சூட்டுக்குப் போடுற மருந்துன்னு எனக்குச் சொல்லி வெச்சிருந்தது அதுதான்.

"அதான் உங்கம்மா முன்னாடி உக்கார்றாளே. அவ சொல்லுவா."

ஹெட்போன் மாட்டினது ஞாபகம் வந்தது.

அடுக்களையில அம்மாகிட்ட போனேன். வெங்காயம் அரிஞ்சிகிட்டே, நிமிர்ந்தே பார்க்கலை. "உங்கிட்ட சொன்னா கத்துவ. இப்ப கத்துறல்ல, அந்த மாதிரி."

எனக்கு ஒரே கேள்விதான் பாக்கி. போகும்போது சரி. திரும்பி வரும்போது பின் சீட்டுல அக்கா கூட யாரு உக்காருவா? அம்மாதான். நிறை வயித்துக்காரியைத் தனியா விட மாட்டாங்க. அப்போ முன்னாடி யாரு சொல்லுறது?

அப்பா யோசிச்சிட்டு, "நீ உக்காரு. நீ சொல்லு."

"சொல்ல மாட்டேன். ஓட்டுவேன்."

சட்டையை மாட்டிகிட்டு டீக்கடைக்குப் போயிட்டாரு. லைசென்ஸ் எடுத்ததிலேர்ந்து இந்த வண்டி ஸ்டியரிங்கை நான் தொட்டதில்லை. என் அவசரத்துக்கு பைக்கே ஜாஸ்தின்னு சொல்லுவாரு.

பிப். 5, வியாழன்

அப்பாகிட்டேர்ந்து பேச்சு இல்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா "ம்".

அம்மா தனியா வந்து, சம்பந்தி வீட்டுல மூச்சு விடாத, அக்காகிட்டயும் சொல்லாத, இந்த நேரத்துல பயப்படுவான்னாங்க. வாடகை வண்டி? அப்பா வர மாட்டாரு. அப்பா வரலைன்னா அக்கா அழுவா. பஸ்ஸு, இந்த வயித்தோட, பேச்சே இல்லை. சுத்திச் சுத்தி சாவிகிட்டதான் வந்து நிக்குது. சாவி அப்பா சட்டைப் பையில.

காம்பவுண்ட், இடது பக்கம் மட்டும். கையாலதான். மெஷின் வாடகைக்கு எடுக்கலாம், ஓரத்துல அதிகம் போனா கோட் எரிஞ்சிடும், எனக்குப் பொறுமை கிடையாது, எனக்கே தெரியும். லேசான கோடு போச்சி. மஞ்சளும் பச்சையும் கிளம்பிடுச்சி. பின் கதவு ரெண்டும் நகருற மாதிரி தெரியலை.

அப்பா எப்போ வந்து நின்னாருன்னு தெரியாது. "போவாதா?"

"நகம் மாட்டுச்சின்னா போகாது."

குனிஞ்சி தன் கட்டைவிரல் நகத்தை மேலேர்ந்து கீழ இழுத்துப் பார்த்தாரு. மாட்டிச்சி. இன்னொரு தடவை இழுத்தாரு. மாட்டிச்சி. உள்ள போனாரு.

பிப். 7, சனி

நேத்து ஃபைன் பாலிஷ், முழு வண்டி. தோள்பட்டை போச்சி. சதீஷ் எங்கயோ பிடிச்சி டச்-அப் பேனா குடுத்தனுப்பினான். பின் கதவுல போட்டேன். பத்தடி தள்ளி நின்னா தெரியாது, கிட்ட வந்தா தெரியும். அவ்ளோதான் முடியும்.

காலையில சீலன்ட். காய விட்டு, சாயங்காலம் மெழுகு. இதுல எல்லாரும் பண்ற தப்பு, அள்ளி அப்புறது. இருக்கா இல்லையான்னு சந்தேகம் வர்ற அளவு மெலிசா இழுக்கணும். அது மங்கலா பூத்ததும் துடைக்கணும்.

நான் பானெட் துடைக்கிறேன், அப்பா ஒரு துணியை எடுத்துகிட்டு வலது பக்கம் துடைக்க ஆரம்பிச்சாரு. நல்லாவே துடைக்கிறாரு, மடிப்பு மாத்தி மாத்தி. முடிச்சிட்டு இடது பக்கம் போகாம துணியை உதறிக் காயப் போட்டாரு.

தெரு ட்யூப்லைட் கதவுல நேர்க்கோடா விழுது. ஒடையலை. பெயின்ட் மட்டும் பார்த்தா, வேலை சரி.

நாளைக்கு யாரு ஓட்டுறதுன்னு யாரும் கேக்கலை. அம்மா ராத்திரிச் சாப்பாட்டுல ஒரு பேரம் போட்டாங்க: போகும்போது அப்பா ஓட்டட்டும், அம்மா பக்கத்துல இருப்பாங்க. வரும்போது பார்த்துக்கலாம். நான் தலையாட்டினேன். தப்பு. தெரிஞ்சேதான்.

பிப். 8, ஞாயிறு

வெயிலுக்கு முன்னாடியே கிளம்பினோம். பனி விலகலை. அப்பா ஓட்ட, அம்மா கமென்ட்ரி. இந்தத் தடவை காதைத் தீட்டிகிட்டு வந்தேன். ஒவ்வொண்ணும் இடது பக்கம்தான். டேங்கர், ஆட்டுக்குட்டி, டூ வீலர். அப்பா கை அம்மா வாய்க்கு ஏத்த மாதிரி அசையுது. சொல்லப் போனா கச்சிதம்.

ஆலப்பாக்கம் தாண்டினதும் அம்மாவுக்குப் போன். அக்காதான். வளையல் எத்தனை டஜன், பச்சையா சிவப்பா. அந்தப் பேச்சு ஓடும்போதே இடது சக்கரம் தாரை விட்டு மண்ணுல இறங்கிடுச்சி. அங்க ஒருத்தர் சைக்கிளைப் பிடிச்சிகிட்டு நடந்துகிட்டு இருந்தாரு. நான் "அப்பா"ன்னேன். திருப்பிட்டாரு. சைக்கிள்காரர் லுங்கி எங்க வண்டிக் காத்துல ஆடிச்சி. அவ்ளோ கிட்ட.

யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அம்மா போனை வெச்சிட்டாங்க. பி.முட்லூர்ல நிறுத்தி அப்பா டீ சொன்னாரு. கிளாஸை வாங்கிகிட்டுக் குடிக்கவே இல்லை. அப்புறம் ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் லாரி எல்லாம் எங்களை முந்திப் போச்சி.

வளைகாப்பு நல்லபடியா. அஞ்சு வகை சோறு. அக்காவுக்குக் கால் வீக்கம், வளையல் முழங்கை வரைக்கும். மாமாவோட அப்பா வண்டியைச் சுத்தி வந்தாரு, கதவுல முகம் பார்த்து மீசையை நீவிகிட்டாரு. "சம்பந்தி, புது வண்டியா?" அப்பா, "பையன் கை வேலை." பின் கதவை மறைச்சாப்ல நின்னுகிட்டு இருந்தாரு.

ராகு காலத்துக்கு முன்னாடி கிளம்பணும். மாமாவோட அம்மா பானெட்ல சந்தனம் வெக்க வந்தாங்க. ஒட்டலை. வெச்சா வழுக்கி இறங்குது. மறுபடியும் வெச்சாங்க, மறுபடியும் இறங்குது. "என்னாத்தப்பா தடவி வெச்சிருக்க?"ன்னு என்னைப் பார்த்தாங்க. கடைசியில நம்பர் பிளேட்டுல வெச்சாங்க. அப்பா சிரிச்சாரு. புதன்கிழமைக்கு அப்புறம் இப்பதான்.

எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க. அக்காவும் அம்மாவும் பின்னாடி ஏறியாச்சி. சம்பந்தி, "உங்க கையில ஸ்டியரிங் இருந்தா எங்களுக்குக் கவலை இல்லை"ன்னாரு. அப்பா பையிலேர்ந்து சாவியை எடுத்தாரு. நான் வாயைத் திறக்கலை. திறக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சிகிட்டு நின்னேன்.

"எங்க, மெழுகு போட்டதுலேர்ந்து வண்டியைத் தொடவே வுட மாட்டேங்குறான். அவனே ஓட்டட்டும்."

சாவியை என் கையில வெச்சிட்டு, வண்டியைச் சுத்திப் போய் இடது சீட்டுல உக்கார்ந்தாரு.

கிளட்ச்சை மிதிச்சிகிட்டே ஓட்டாத. இங்க மூணாவது கியரு. பள்ளம் வருது, வலது ஒடி. வெள்ளாறு பாலம் வரைக்கும் அப்பா இதே பாட்டு. அதுக்கப்புறம் கண்ணை மூடிட்டாரு. தூங்கினாரா தெரியாது.

புதுச்சத்திரம் தாண்டி, பின் சீட்டுலேர்ந்து அம்மா ஆரம்பிச்சாங்க. "லாரி வருது. ஒதுங்கு. டூ வீலரு, இடது பக்கம், இடது பக்கம்."

அப்பா கண்ணைத் திறக்காமலே, "அவனுக்குத் தெரியுது. நீ சும்மா வா."

அம்மா சும்மா வரலை. வீடு வரைக்கும் சொல்லிகிட்டேதான் வந்தாங்க.